கரைச் சாலையில் ஐந்து பேர்

பிப்ரவரி 4

வழி எழுதுகிறவருக்கு,

அன்றைக்குக் கரைச் சாலையில் இருந்தவர்கள்: முதல் சைக்கிளில் நீங்கள். உங்களுக்குப் பின்னால் தையல்காரர், நீலச் சட்டை, மேல் பொத்தான் இல்லாமல். ஊருக்கெல்லாம் பொத்தான் வைக்கிறவருக்குத் தன் சட்டையைப் பார்க்க நேரமில்லை. அவருக்குப் பின்னால் பல் டாக்டர், மூச்சிரைத்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் என் மகள். கடைசியாக என் மகன், அக்காவுக்குக் காவலாக. மதகின் மேல் மதகுக்காரர் குடை பிடித்து நின்றார். அவ்வளவு பேர்தான். நான் இல்லை. உங்கள் மகளுக்கு என் வீட்டில் தலை குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். இருந்தவர்களுக்கு மறந்துவிட்டது, இல்லாதவளுக்கு மறக்கவில்லை.

உங்களை மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

போனில் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. அதனால் கடிதம். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். கண்ணைச் சுருக்கியாவது படியுங்கள்.

நீங்கள் சைக்கிள் கையேட்டில் அச்சுப் போட்டுக் கொடுத்தது எனக்கு இன்னும் மனப்பாடம். "மூன்றாம் வழி. எளிது. ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது. ஆற்றுக் கழிமுகம் முழுவதும் தட்டைச் சாலை. கால்வாயை வலப்பக்கம் வைத்துக்கொண்டு போனால் வழி தவறாது. குழந்தைகளும் பெரியவர்களும் ஓட்டலாம்." என் மகள் இதை வாசலில் உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டினாள். "எளிதுன்னு போட்டிருக்கார்மா, நீயே ஓட்டலாம்" என்றாள். எளிதாக இருந்தால் எழுதுவானேன் என்று நான் கேட்டேன். சிரித்தாள். அவள் சிரிப்பும் மனப்பாடம்.

அந்தத் தட்டைச் சாலையில்தான் கிளை வாய்க்கால் மேல் இரண்டு சிமெண்டுப் பலகை போட்ட பாலம். பலகை இரண்டுக்கும் நடுவில் ஒரு சக்கரம் புகுகிற இடைவெளி. வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவருக்குத்தான் சாலை தெரியும். பள்ளம் வந்தால் அவர் கையைக் கீழே இறக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து அடுத்தவர் காட்ட வேண்டும், அதைப் பார்த்து அடுத்தவர். அப்படிக் கடைசி ஆள் வரை கை போகும். இது எனக்கு எப்படித் தெரியும்? சைக்கிள்காரர்கள் தங்குகிற விடுதிக்கு இத்தனை வருடமாகத் துணி வெளுக்கிறேன். அவர்கள் பேச்சும் அழுக்கும் எனக்கு அத்துப்படி.

நீங்கள் கையை இறக்கவில்லை. தையல்காரரோடு பேசிக்கொண்டே போனீர்கள். என் மகள் சக்கரம் இடைவெளியில் இறங்கியது. மதகு திறந்திருந்த கால்வாயில் விழுந்தாள். என் மகன் பின்னாலிருந்து பார்த்தான். பார்த்ததை அன்று மாலையே என் வாசலில் சொன்னான். நீங்கள் அங்கேயே நின்றீர்கள், மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுக்க என்ன இருக்கிறது?

இதெல்லாம் பழையது. இப்போது கேட்பது இதுதான். மே மாதம் பள்ளிக்கூடம் மூடுவார்கள். பேத்தியை அனுப்பி வையுங்கள். அவள் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் உங்களுக்கு மட்டும் பிறந்தவள் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவியின் அம்மா


பிப்ரவரி 15

அத்தைக்கு வணக்கம்.

கடிதம் வந்தது. எழுத்து நன்றாகவே புரிகிறது.

குழந்தை நலம். இந்த வருடம் ஒரு வகுப்பு மேலே. கணக்கு வருகிறது, கையெழுத்து வரவில்லை. அது உங்கள் பக்கம் என்கிறாள்.

நீங்கள் எழுதிய வரிசையைப் படித்தேன். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாகப் பேசியபோது அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். "உங்கப்பா ஒரே ஒரு தடவை கையை இறக்கியிருந்தா உங்கம்மா இருந்திருப்பா." ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டு அவள் போய்ப் படுத்துக்கொண்டாள். அதன்பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. இப்போது பேசுகிறாள். ஆனால் சாப்பிடும்போது என் கையையே பார்க்கிறாள். தண்ணீர் எடுத்தால் பார்க்கிறாள், கதவைத் திறந்தால் பார்க்கிறாள். என் கைகளை எங்கே வைப்பது என்று எனக்கே தெரியவில்லை.

அதனால் மே மாதம் அனுப்ப முடியாது. கோபத்தில் சொல்லவில்லை.

மாதா மாதம் அவள் எப்படி இருக்கிறாள் என்று எழுதுகிறேன். உங்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்து தீர்ந்திருந்தால் தெரிவிக்கவும்.

தங்கள்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 27

வழி எழுதுகிறவருக்கு,

கோபத்தில் சொல்லவில்லையாம். கோபப்படத் தெரிந்த மனிதனோடாவது சண்டை போடலாம். உங்களோடு சண்டை போடுவது தண்ணீரை அடிக்கிற மாதிரி, அடித்தவள் முகத்தில்தான் தெறிக்கிறது.

நான் குழந்தையிடம் பொய் சொன்னேனா? உண்மையைத்தான் சொன்னேன். உண்மைக்கு வயசு வித்தியாசம் உண்டா?

நீங்கள் எப்போதும் இப்படித்தான். பெண் பார்க்க வந்தபோது உங்கள் அப்பா எங்கள் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், வாயைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கு எடுத்த புடவையில் ஓரத்தில் கறை. நான் வெளுக்கிறவள், என் கண்ணுக்குத் தப்புமா? அப்போதும் நீங்கள் பேசவில்லை. குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் வந்தீர்கள். பெற்றவள் கட்டிலில் கிடக்கிறாள், எதிர்க்காற்றைப் பற்றி நர்ஸிடம் பேசுகிறீர்கள். எல்லாம் இருக்கிறது. ஒன்றையும் நான் தொலைக்கவில்லை.

பல் டாக்டர் வீட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. தையல்காரர் என்னைத் தெருவில் கண்டால் அந்தப் பக்கம் தாண்டிவிடுகிறார். உங்களோடு சேர்ந்த குற்றம், வேறென்ன. என் மகன் ஒருவன்தான் என்னோடு உட்கார்ந்து அழுதான். பம்பு செட்டு வேலைக்குப் போய் வந்து, கிரீஸ் கையைக் கழுவி, எனக்கு முன்னால் தட்டை வைத்து, "அம்மா, ரெண்டு வாய் சாப்பிடு" என்று கெஞ்சினான். அவன் இல்லையென்றால் நானும் அந்தக் கால்வாய்க்கே போயிருப்பேன்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். துணி உலர்த்திவிட்டு வந்து எழுதுகிறேன்.

குழந்தை சாப்பிடும்போது உங்கள் கையைப் பார்க்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை. உங்களுக்காக இல்லை, அவளுக்காக.

சரி. ஒரு பேச்சு. அவளை அனுப்புங்கள். அந்த நாளைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன். அவளாகக் கேட்டால் உலையில் என்ன கொதிக்கிறது என்று எழுந்து போய்விடுவேன். என் வாயை நான் கட்டியது என் புருஷனுக்காகக்கூடக் கிடையாது. அவரைக் கேட்டால் தெரியும், கேட்கத்தான் அவர் இல்லை.

சொட்டு மருந்து இருக்கிறது.

இப்படிக்கு,
பாட்டி


மார்ச் 10

அத்தைக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாற்காலியை அப்பா துடைத்தது உண்மை. அன்று இரவே அவரோடு சண்டை போட்டேன். உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எதையும் அந்த இடத்தில் சொல்ல வராது. உங்கள் மகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

குழந்தையிடம் கேட்டேன். பாட்டி வீட்டுக்குப் போகிறாயா என்று. பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டு, சாயங்காலம் வந்து, "பாட்டி இன்னும் திட்டுவாங்களா?" என்று கேட்டாள். யாரை என்றேன். "எல்லாரையும்" என்றாள். கொஞ்சம் குறைத்துக்கொள்வதாக எழுதியிருக்கிறார்கள் என்றேன். "அப்ப போறேன்" என்றாள்.

ஆகவே மே மாதம் இரண்டாவது வாரம் அழைத்து வருகிறேன். பத்து நாள் இருக்கட்டும். நான் தங்க மாட்டேன். வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

நான் இங்கே அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். வழி எழுதுவதை விட்டுவிட்டேன். பழைய கையேட்டை மறுபடி அச்சிடப் போகிறார்களாம், மூன்றாம் வழியை என்ன செய்வது என்று கேட்டு எழுதினார்கள். எடுத்துவிடச் சொன்னேன். அதுதான் அதிகம் பேர் கேட்கிற வழி, எளிதாயிற்றே என்றார்கள். தட்டையான ஊரில் காற்றுதான் மலை, மதியத்துக்கு மேல் கடல்பக்கமிருந்து அடிக்கிற காற்றில் அந்தக் கரை எளிதில்லை என்று பதில் போட்டேன். நான் முதலிலேயே அதை எழுதியிருக்க வேண்டும். காலை நேரத்தில், பின்காற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு எளிது என்று எழுதினேன். அந்தப் பாலத்தின் இடைவெளியும் எனக்குத் தெரியும். கைகாட்டினால் போதும் என்று நினைத்தேன். இது என் தவறு, இதை நான் எங்கேயும் மறுக்க மாட்டேன்.

குழந்தைக்கு அளவு மாறியிருக்கிறது. நீங்கள் தைத்துக் கொடுத்த கவுன் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. கழற்ற மாட்டேன் என்கிறாள்.

தங்கள்,
மாப்பிள்ளை


மார்ச் 21

வழி எழுதுகிறவருக்கு,

எல்லாரையும் திட்டுவேனாமா? அந்த வாண்டு என்னைத்தான் உரித்து வைத்திருக்கிறாள். வரட்டும், அவளுக்கும் ரெண்டு வைக்கிறேன்.

உள் அறையைச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. என் மகனே அடித்தான். விடுதிச் சொந்தக்காரியிடம் பத்து நாளும் பாதி மூட்டைத் துணிதான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் தூக்கினாள். தூக்கட்டும், இறக்கி வைக்க நேரம் ஆகாது. கவுனுக்குத் துணி எடுத்திருக்கிறேன். அளவை ஒரு நூலில் முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். தையல்காரரிடம் கொடுக்க மாட்டேன், நானே தைப்பேன்.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

என் மகன் குழந்தைக்கு ஒரு சிவப்பு சைக்கிள் வாங்கி வந்திருக்கிறான். முதலில் நான் ஆடித் தீர்த்துவிட்டேன். இந்த வீட்டு வாசலில் இனி அந்தச் சனியன் நிற்கக் கூடாது என்று உருட்டித் தெருவில் விட்டேன். அவன் எடுத்து வந்து மறுபடி நிறுத்தினான். "பயந்துக்கிட்டே இருந்தா அவ எப்பம்மா பழகுவா? அக்கா எப்படி ஓட்டுவா, அதுபோல அவளும் ஓட்டணும்" என்றான். அக்கா என்றதும் சைக்கிளை நிற்க விட்டுவிட்டேன்.

காலை நேரத்தில், காற்று எழும்புமுன், கரைச் சாலையில் மதகு வரை கூட்டிப்போய்ப் பழக்குவானாம். அவளை முன்னால் விட்டுத் தான் பின்னால் வருவானாம். "அன்னைக்கு மாதிரியே கடைசியா நான் வருவேன்மா, கண்ணை எடுக்க மாட்டேன்" என்றான். உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அவன் தாய்மாமன். உங்களைவிட அவனுக்கு உரிமை குறைச்சல் இல்லை. பெற்ற அப்பன் காட்டாத கையை மாமன் காட்டிவிட்டுப் போகட்டும்.

பார்த்தீர்களா, வாயைக் கட்டுகிறேன் என்றவள் கடிதத்திலேயே அவிழ்த்துவிட்டேன். குழந்தை முன்னால் கட்டிக்கொள்வேன்.

இப்படிக்கு,
பாட்டி


மார்ச் 26

அத்தைக்கு,

இதை எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். நீங்கள் சைக்கிளைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால் சாகும்வரை எழுதியிருக்க மாட்டேன்.

கடைசியில் வந்தது மச்சான் இல்லை. அவள்.

வரிசையில் நன்றாக ஓட்டுகிறவரைத்தான் கடைசியில் விடுவோம். யார் பின்தங்கினாலும் அவர் பார்த்துக்கொள்வார். எங்களில் நன்றாக ஓட்டியது உங்கள் மகள். புதிதாக வருகிறவரை அவருக்கு முன்னால் விடுவோம், காற்று அதிகம் படாத இடம் அதுதான். அன்றைக்குப் புதிது மச்சான். மெல்லிய டயர் போட்ட வண்டியை அப்போதுதான் வாங்கியிருந்தான். ஆகவே நான், தையல்காரர், டாக்டர், மச்சான், அவள். அதுதான் வரிசை.

பாலத்துக்கு முன்னால் நான் கையை இறக்கினேன். தையல்காரர் இறக்கினார். டாக்டர் இறக்கினார். மச்சான் இறக்கவில்லை. அவனுக்கு ஒரு கையில் ஓட்ட வராது. பக்கவாட்டுக் காற்று பலமாக அடித்தது, கையை எடுத்தால் விழுந்துவிடுவோம் என்று இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். தான் மட்டும் ஒதுங்கிப் பாலத்தைத் தாண்டினான். ஒரு கையில் ஓட்ட வராது என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தால் கை காட்ட வேண்டாத கடைசி இடத்தில் அவனை விட்டு, டாக்டரை அவளுக்கு முன்னால் விட்டிருப்பேன். சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான். அக்கா முன்னால் வெட்கம்.

தண்ணீரில் நானும் மதகுக்காரரும் இறங்கினோம். மதகை அடைத்த பிறகுதான் அவள் கிடைத்தாள். கரையில் உட்கார்ந்து அவன் சொன்னது இன்னும் கேட்கிறது. "கத்தியிருக்கலாம் மாமா. கத்தணும்னு தோணவே இல்லை."

அதற்காக அவனை நான் வெறுக்கவில்லை. அது யாருக்கும் நடக்கும். அந்தச் சாலையை எளிது என்று எழுதியவன் நான்.

நாங்கள் அவளைத் தூக்கிவருமுன் அவன் உங்களிடம் வந்துவிட்டான். நான் வாசலுக்கு வந்தபோது நீங்கள் என் சட்டையைப் பிடித்தீர்கள். அவன் உங்கள் பின்னால் நின்று என்னைக் காட்டிக்கொண்டிருந்தான். பிறகு கிணற்றடியில் என்னிடம் சொன்னான்: "நீங்க கை காட்டலைன்னு சொல்லிட்டேன் மாமா. அம்மா இனிமே என்கூடத்தானே இருக்கணும்." மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நேரமில்லாதவன் மாதிரி போய்விட்டான்.

நான் யோசித்தேன். நான் எப்படியும் ஊரைவிட்டுப் போகிறவன். உங்களுக்கு இரண்டு பிள்ளைகள், ஒன்று போயிற்று. இன்னொன்றையும் நான் எடுத்துக்கொள்வதா? யார் கையாலாவது நீங்கள் சாப்பிட வேண்டும். தையல்காரரிடமும் டாக்டரிடமும் பேசாதிருக்கச் சொன்னேன். டாக்டரால் அது முடியவில்லை, அதனால்தான் வீட்டை மாற்றினார்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், என் குழந்தையை அந்தக் கரையில் அவன் பொறுப்பில் விட முடியாது. கடைசியாக வருவேன் என்று உங்களிடம் சொன்னானே, அதைத் தானே நம்பத் தொடங்கிவிட்டான் போலிருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 2

உங்கள் கடிதம் வந்தது.

குழந்தையை அனுப்ப மனமில்லையென்றால் இல்லை என்று எழுதியிருக்கலாம். செத்தவளை வரிசையில் இடம் மாற்றி நிறுத்த வேண்டாம். ஒன்றரை வருடம் ஊமையாக இருந்தவருக்கு இப்போது நாக்கு முளைத்திருக்கிறது, அதுவும் என் பிள்ளையைக் கொத்துவதற்கு.

நான் பெற்றவன் அப்படிச் செய்ய மாட்டான். அவன் எனக்குப் பொய் சொன்னால் காது மடல் சிவக்கும். சின்ன வயதிலிருந்தே.

இனி எழுத வேண்டாம்.


ஏப்ரல் 8

அத்தைக்கு வணக்கம்.

எழுத வேண்டாம் என்றீர்கள். இது கடைசி.

எழுதியதை நான் திரும்ப வாங்கப் போவதில்லை. யாரிடமாவது கேட்டுப் பாருங்கள் என்றும் சொல்லப் போவதில்லை. மே மாதம் குழந்தை அங்கே வரமாட்டாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. பையில் துணி எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள்.

நீங்கள் இங்கே வந்துவிடுங்கள். வாசல் பக்கம் ஓர் அறை காலியாக இருக்கிறது, வெளிச்சம் நன்றாக வரும். நிரந்தரமாகவே இருக்கலாம். என்னோடு நீங்கள் பேச வேண்டும் என்றுகூட இல்லை.

தங்கள்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 19

மாப்பிள்ளைக்கு,

தையல்காரர் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் தாண்டிப் போக அவருக்கு இடமில்லை, நான் வாசலை அடைத்து நின்றேன். வாயில் நாலு குண்டூசி வைத்திருந்தார். அவளுக்கு முன்னால் போனது யார் என்று கேட்டேன். ஊசி வாயில் இருக்கிறது என்று சைகை காட்டினார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்கள் அளவு கொடுத்தார்கள், போனார்கள். அவர் வாய் காலியாகவேயில்லை. ஊசி துணியில் குத்தித் தீர்ந்ததும் டப்பாவிலிருந்து வேறு எடுத்து வாயில் வைத்தார். "உங்களைப் பேசச் சொல்லலை. என் மகன் கடைசியா வந்தானா? ஆமான்னா தலையாட்டுங்க, போயிடறேன்" என்றேன். ஆட்டியிருந்தால் போயிருப்பேன். அந்த மனிதர் தலையாட்டவில்லை. துணியின் மேல் கண்ணீர் விழுந்தது, அடுத்தவர் துணி.

வீட்டுக்கு வந்தேன். என் மகன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். பரிமாறினேன். சாப்பிட்டு முடிக்கட்டும் என்றுதான் இருந்தேன், முடியவில்லை.

"வரிசையில நீ எங்கடா இருந்தே?"

"கடைசின்னு சொன்னேனேம்மா."

காது மடலைப் பார்த்தேன். சிவக்கவில்லை. மாப்பிள்ளை, நீங்கள் எழுதியதன் அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனுக்கு அது பொய்யாகவே இல்லை. மறுபடி கேட்டேன், உங்கக்கா எங்க இருந்தா என்று. எனக்கு முன்னால் என்றான். மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது தட்டை நகர்த்தினான்.

"பின்னாடி" என்றான்.

"அவர் மேல ஏன்டா போட்டே?"

"நீ என்னைப் பார்க்கிறப்பல்லாம் அக்கா சாவுதான் தெரிஞ்சிருக்கும். நான் எங்கம்மா போவேன்?"

"இப்ப என்ன தெரியுதுன்னு நினைக்கிறே?"

அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. தட்டை எடுத்துக் கழுவினேன்.

கை காட்டாததற்காக அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை. பயம் எல்லாருக்கும் உண்டு. இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். அக்கா முன்னால் தெரியாது என்று சொல்ல வெட்கம் என்றால், அந்த வெட்கமும் நான் வளர்த்ததுதான், எதற்கெடுத்தாலும் அக்காவைப் பார் அக்காவைப் பார் என்று சொல்லி வளர்த்தேன். ஆனால் கரையில் இறங்க மறுத்த அந்தக் கை, அன்று மாலையே என் வாசலில் உங்களை நோக்கி நீண்டது. அப்போது காற்று இல்லை. விழுந்துவிடுவோம் என்ற பயமும் இல்லை. குதிரை தள்ளியது போதாதென்று குழியும் பறித்தது என்பார்கள். என் பிள்ளை குழி பறித்து, அதில் உங்களை இறக்கி, மண்ணைத் தள்ள என் கையையே பிடித்துக்கொண்டான். நான் தள்ளினேன். குழந்தை கையாலும் தள்ளச் செய்தேன்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். யார் கையாலாவது சாப்பிட வேண்டும் என்று எனக்கு நீங்களே முடிவு செய்தீர்களே, யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? பட்டினி கிடக்கிறாயா, இதைச் சாப்பிடுகிறாயா என்று என்னைக் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். நாற்காலி விஷயத்தை விட்டுவிட்டேன். இதை விட நாளாகும்.

உங்கள் வீட்டுக்கு நான் வரமாட்டேன். வெளிச்சம் நன்றாக வரும் என்று எழுதினீர்கள், அந்த வரியைப் பல தடவை படித்தேன். ஆனால் வந்தால் அவள் கேட்பாள், நான் சொல்லிவிடுவேன். உலையைப் பார்க்க எழுந்து போவேன் என்று எழுதியதெல்லாம் பொய். என் வாய் எனக்குத் தெரியும். அம்மாவும் இல்லை, பாட்டி கெட்ட வாய், இருக்கிற ஒரே மாமனும் இப்படி என்றால் அவளுக்கு எங்கள் பக்கம் என்று யார் மிச்சம்? வளர்ந்து, தாங்குகிற வயது வரும்போது நீங்கள் சொல்லுங்கள். அல்லது சொல்லாதீர்கள். உங்களுக்குத்தான் சொல்லாமல் இருக்கத் தெரியுமே.

குழந்தையை இங்கேயும் அனுப்ப வேண்டாம். மே மாதத்துக்கும் வேண்டாம், வேறு மாதத்துக்கும் வேண்டாம். இதை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அப்பா கையை இறக்கிக் காட்டினார், பாட்டிதான் மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று சொல்லுங்கள். ஏன் மாற்றிச் சொன்னாள் என்று கேட்டால், பாட்டிக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் தப்புகிறது, யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் குழம்பிவிட்டது என்று சொல்லுங்கள். நம்புவாள். இந்த ஊரில் இதை யார் சொன்னாலும் நான் அடித்திருப்பேன். நீங்கள் சொல்லுங்கள். அவள் நிம்மதியாக உங்கள் கையைப் பார்க்காமல் சாப்பிடட்டும்.

சிவப்பு சைக்கிளைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அதன்மேல் விடுதித் துண்டுகள் உலர்கின்றன. கவுன் தைத்து முடித்துவிட்டேன், இதோடு வருகிறது. அளவு நூல் நீங்கள் அனுப்பவில்லை, மனதில் பார்த்து வெட்டினேன். பெரிதாக இருந்தால் அடுத்த வருடம் போடட்டும்.

நான் இங்கேயேதான் இருப்பேன், இதே வீட்டில். காலையில் அவன் வேலைக்குப் போகுமுன் சோறு கட்டிக் கொடுக்கிறேன். மத்தியானம் பரிமாறுகிறேன். அவன் பேசினால் பதில் சொல்கிறேன், தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா என்று. மன்னித்துவிடலாமே என்று தெருவில் உள்ளவர்கள் சொல்வார்கள், தெரிந்தால். பல் டாக்டரை மன்னித்துவிட்டேன், ஓடிப்போகவாவது அவருக்கு மனசாட்சி இருந்தது. தையல்காரரை மன்னித்துவிட்டேன். மதகை அடைக்கத் தாமதித்த மதகுக்காரரை இன்று காலை வழியில் பார்த்து, சௌக்கியமா என்று கேட்டேன், பாவம், குடையைக் கீழே போட்டுவிட்டார். உங்களை மன்னிக்கிற வேலை பாதியில் இருக்கிறது. மன்னிக்காதது ஒருத்தனைத்தான். தினமும் என் கையால் சாப்பிடுகிறவனை, நான் பெற்ற என் மகனை.